தண்டம் கருவூலத்திற்கு, இழப்பு யாருக்கு?

வயலில் மாடு இறங்கிப் பயிரை மேய்ந்துவிட்டால், அதைப் பிடித்துப் பவுண்டில் அடைப்பது நம் கிராமங்களில் நெடுநாள் வழக்கம். மாட்டுக்காரர் தண்டம் கட்டி மாட்டை மீட்டுச் செல்வார். தண்டம் பொதுப் பணத்தில் சேரும். அப்படியானால் மேய்ந்த பயிருக்கு என்ன கணக்கு? 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் அதையும் மறக்கவில்லை. பயிர் இழந்தவர் நட்டஈடு கேட்டு நீதிமன்றம் செல்வதற்கு இச்சட்டம் தடையாகாது என்று அதன் 29ஆம் பிரிவு எழுதி வைத்தது.

அதற்கு 152 ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்டு 11ஆம் நாள், ‘டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம்’ குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. இங்கே பயிர் என்பது நம் பெயர், பிறந்த நாள், ஆதார் எண், வங்கிக் கணக்கு, நோய்க் குறிப்பு முதலிய சொந்த விவரங்கள் ஆகும். அவற்றைக் காக்கத் தவறும் நிறுவனத்திற்கு ரூ. 250 கோடி வரை தண்டம் விதிக்கலாம் என்கிறது சட்டம். எல்லோர் கண்ணையும் கவர்ந்தது இத்தொகையே. ஆனால் மேய்ந்த பயிருக்கு என்ன கணக்கு என்ற பழைய கேள்விக்கு இப்புதிய சட்டத்தில் விடை இருக்கிறதா? புகார், தண்டனை, சட்ட உதவி ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

சட்டம் பிறந்த வரலாறு

கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்தரங்கம் என்பது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு காக்கும் அடிப்படை உரிமை என்பதே அத்தீர்ப்பு. நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018 ஜூலையில் ஒரு சட்ட வரைவை அளித்தது. 2019இல் மசோதா நாடாளுமன்றத்திற்கு வந்து, 2022இல் திரும்பப் பெறப்பட்டது. 2023இல் சுருக்கமான புதிய சட்டம் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. புகாரும் தண்டமும் பற்றிய பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வரும் என அப்போது அறிவிக்கப்பட்டது.

ஆங்கில மூலத்தில் இச்சட்டம் தனிநபர் யாராயினும் ‘அவள்’ என்றே குறிக்கிறது. ஆணையும் அச்சொல் உள்ளடக்கும் என விளக்கமும் தருகிறது. இந்தியச் சட்ட நடையில் இது புதுமை, பாராட்டத் தக்கதும்கூட. ஆகவே ‘அவள்’ என்ற சொல்லையே அளவுகோலாக வைத்துச் சட்டத்தைச் சோதிக்கலாம்.

முக்கூடலிலிருந்து பார்த்தால்

திருநெல்வேலிக்கு மேற்கே தாமிரபரணிக் கரையிலுள்ள முக்கூடல், பீடித் தொழிலால் பெயர் பெற்ற ஊர். சுளகை மடியில் வைத்து இலையை வெட்டி, தூளை இட்டுச் சுருட்டி, நூல் கட்டும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே வீட்டிலிருந்து செய்கிறார்கள். பீடித் தொழிலாளர்களுக்கென மத்திய அரசு நடத்தும் மருத்துவமனை ஒன்றும் இவ்வூரில் உண்டு.

இத்தகைய ஒரு தொழிலாளியின் விவரங்கள் எத்தனை இடங்களில் பதிவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பீடிக் கம்பெனியின் சம்பளக் கணக்கு ஒன்று, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு இரண்டு, தொழிலாளர் அடையாள அட்டை மூன்று, மருத்துவச் சீட்டு நான்கு, பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் ஐந்து, வங்கி ஆறு, ரேஷன் அட்டை ஏழு, மகளிர் குழுக் கடன் எட்டு, கைப்பேசி எண்ணுக்குக் கொடுத்த நகல் ஒன்பது. படித்துப் பட்டம் பெற்ற நகரவாசியின் விவரங்களைவிட இவருடையவை குறைந்த இடங்களில் இருப்பதாகச் சொல்ல முடியாது. சலுகை பெற வேண்டியவரே அதிகமான படிவங்களை நிரப்ப வேண்டியிருக்கிறது.

இவற்றுள் எதிலிருந்தும் விவரம் கசிந்தது என்று நாம் கூறவில்லை. கசிந்தால் அவர் என்ன செய்யலாம் என்பதே நம் கேள்வி.

தொடக்கத்திலேயே ஒரு வரம்பு உண்டு. காகிதத்தில் மட்டும் இருக்கும் விவரத்திற்கு இச்சட்டம் பொருந்தாது. அது முதலிலேயே கணிப்பொறியில் பதியப்பட்டிருக்க வேண்டும். அல்லது பின்னர் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். ஜெராக்ஸ் கடையில் மறந்துவிட்டு வந்த ஆதார் நகல், யாரேனும் அதைக் கணிப்பொறியில் ஏற்றும்வரை, இச்சட்டத்தின் எல்லைக்கு வெளியேதான் கிடக்கும்.

தடயம் விடாத களவு

வீட்டில் நகை களவு போனால் பெட்டி காலியாக இருக்கும். தகவல் களவு போனாலோ பெட்டி நிறைந்தே இருக்கும்! திருடியவர் நகலெடுத்துக் கொண்டு போகிறார். மூலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே களவு நடந்ததே உரியவருக்குத் தெரியாது. பல மாதங்கள் கழித்து, வாங்காத கடனுக்குத் தவணை கேட்டுத் தொலைபேசி வரும்போதுதான் தெரியும். அப்போதும் ஒன்பது இடங்களில் எங்கிருந்து போயிற்று என்று அவரால் சொல்ல இயலாது. கடவுச்சொல் போனால் மாற்றிக் கொள்ளலாம்; கைரேகை போனால் மாற்ற முடியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் சாட்சி யார்? கணிப்பொறிதான். யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு ஒரு கோப்பைத் திறந்தார், எவ்வளவு நகலெடுத்தார் என்பதை ஒழுங்காக அமைக்கப்பட்ட கணிப்பொறி தானே குறித்து வைக்கும். இதனை ‘லாக்’ என்பார்கள். வரவுக் குறிப்பேடு எனலாம். 2025ஆம் ஆண்டு விதிகள் இக்குறிப்பேட்டை ஓராண்டுக் காலம் வைத்திருக்கச் சொல்கின்றன. விவரங்களை மறைகுறியாக்கி வைத்தல், திறக்கும் உரிமையைக் கட்டுப்படுத்துதல், கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தாமதமின்றி அறிவித்தல், 72 மணி நேரத்திற்குள் வாரியத்திற்கு முழு விவரம் தருதல் ஆகியனவும் கடமைகள். இவை அறிவியல் நோக்கில் சரியானவையே. சட்டத்தின் சிறந்த பகுதி இது என்று தயங்காமல் கூறலாம்.

புகாரின் பாதை

இனி, பாதிக்கப்பட்டவர் நடக்க வேண்டிய வழியைப் பார்ப்போம்.

முதல் படி, விவரத்தை வைத்திருக்கும் நிறுவனத்திடமே முறையிடுதல். 13ஆவது பிரிவின்படி இப்படியைத் தாண்டாமல் மேலே போக முடியாது. பதில் தர நிறுவனத்திற்கு 90 நாள் வரை அவகாசம் உண்டு.

இரண்டாம் படி, தகவல் பாதுகாப்பு வாரியம். இது டிஜிட்டல் அலுவலகமாகவே இயங்கும். மனு கொடுக்க டில்லிக்கு இரயில் ஏற வேண்டியதில்லை. இது நன்மையே. விசாரணையை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும். காரணம் காட்டி மும்மூன்று மாதமாக நீட்டிக்கலாம்.

மூன்றாம் படி மேல்முறையீடு. 60 நாட்களுக்குள், டில்லியில் தலைமையிடம் கொண்ட தொலைத்தொடர்புத் தகராறுகள் தீர்ப்பாயத்திடம் செய்ய வேண்டும்.

இங்கே ஓர் எளிய கணக்குப் போடுவோம். விவரம் கசிந்து ஆறாவது மாதத்தில் செய்தி தெரிகிறது. நிறுவனத்திடம் முறையிட்டுக் காத்திருப்பதில் மூன்று மாதம். வாரியத்தின் முன் மனு போகும்போது ஒன்பது மாதம் முடிந்துவிடும். விசாரணை சூடு பிடிப்பதற்குள் பன்னிரண்டாவது மாதம் வந்துவிடும். அன்று, ஓராண்டு கடந்த குறிப்பேட்டை அழித்துவிட நிறுவனத்திற்குத் தடையில்லாமல் போகக்கூடும். ஒரே சாட்சியின் ஆயுள் ஓராண்டு. வழக்கின் பாதையோ அதைவிட நீளம். புகார் வந்த நாளிலேயே அதற்குரிய குறிப்பேட்டை வழக்கு முடியும்வரை பூட்டி வைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும், அது இல்லை.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். நம்மிடம் ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ பெறலாம் என்கிறது சட்டம். ஆகவே தமிழில் கேட்கலாம். புகாரையும் தமிழில் எழுதலாம் என்ற உறுதி அச்சட்டத்தில் இல்லை. கையெழுத்துப் போடும்போது வேண்டிய தாய்மொழி, முறையிடும்போது வேண்டாமா?

இன்னொரு குறை சற்று நுட்பமானது. தம்மைப் பற்றி என்னென்ன விவரம் இருக்கிறது, யார் யாருக்குத் தரப்பட்டது என்று கேட்கும் உரிமையை 11ஆவது பிரிவு வழங்குகிறது. ஆனால் ஒப்புதலின் பேரில் விவரம் பெற்றவர்களிடம் மட்டுமே அவ்வாறு கேட்கலாம். அரசு மானியம், உதவித்தொகை, சான்றிதழ் ஆகியவற்றுக்காக 7ஆவது பிரிவின்படி அரசு கையாளும் விவரத்திற்குத் தனி ஒப்புதல் தேவையில்லை. ஆகவே அந்தக் கேள்வி உரிமையும் அங்கே எட்டாது. நாம் எண்ணிய ஒன்பது இடங்களில் பல இவ்வகையைச் சேர்ந்தவை. மேலும், அரசின் எந்த அமைப்பையும் நாட்டுப் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காகச் சட்டத்திலிருந்தே விலக்கி வைக்க மத்திய அரசால் முடியும். வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பதும் அதே அரசுதான்.

தண்டம் எங்கே போகிறது?

தண்டங்களின் பட்டியல் இது: பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் ரூ. 250 கோடி வரை. கசிவை மறைத்தால் ரூ. 200 கோடி வரை. குழந்தைகளின் விவரத்தில் தவறினால் ரூ. 200 கோடி வரை; பிற தவறுகள் பலவற்றுக்கு ரூ. 50 கோடி வரை.

‘வரை’ என்ற சொல்லை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இது உச்ச வரம்பு. கீழ் வரம்பு கிடையாது. அதோடு, மீறல் ‘குறிப்பிடத் தக்கது’ என்று வாரியம் முடிவு செய்தால்தான் தண்டமே விதிக்கலாம். ஒரு கடன் கம்பெனியிலிருந்து நாற்பது பெண்களின் விவரம் கசிந்தால் அது குறிப்பிடத் தக்கதா? அந்த நாற்பது பேருக்கும் அதைவிடப் பெரிய செய்தி வேறில்லை. ஆனால் கோடிக் கணக்கில் எண்ணிப் பழகிய இடத்தில் அது சிறியதாகத் தோன்றலாம்.

விதிக்கப்பட்ட தண்டம் முழுவதும் 34ஆவது பிரிவின்படி இந்தியத் திரள் நிதியில், அதாவது மத்திய அரசின் பொதுக் கருவூலத்தில், சேரும். பாதிக்கப்பட்டவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. நட்டஈடு வழங்கும் அதிகாரமே வாரியத்திற்குக் கிடையாது.

அவருக்கென்று பட்டியலில் வேறொரு தொகை உண்டு. பொய்யான அல்லது அற்பமான புகார் கொடுத்தால் புகார் கொடுத்தவருக்கு ரூ. 10,000 வரை தண்டம்! 250 கோடிக்கு முன்னால் இது தூசு எனலாம். ஆனால் ஆயிரம் பீடி சுற்றினால் சில நூறு ரூபாய் பெறும் கைக்கு, அது ஒரு மாத உழைப்பையே விழுங்கும் தொகை. வழக்கறிஞர் படை வைத்திருக்கும் நிறுவனத்தை அச்சுறுத்துவதைவிட, எழுதத் தயங்கும் ஏழையை அச்சுறுத்துவதே இவ்விதிக்கு எளிது.

தூத்துக்குடி காட்டிய வழி

நட்டஈடு என்பது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று சிலர் கூறுவர். நம் பக்கத்து மாவட்டத்தில் தொடங்கிய வழக்கே அதற்கு மறுப்பு. 2007இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியின் தூத்துக்குடிக் கிளையில் கணக்கு வைத்திருந்த ஒருவரின் பணம், வங்கி அனுப்பியது போன்ற போலி மின்னஞ்சலின் வழியே பறிபோனது. வெளிநாட்டில் பணியாற்றிய அவர், 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி, சென்னையிலுள்ள தீர்ப்பு அதிகாரியிடம் முறையிட்டார். மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே அந்த அதிகாரி. 2010 ஏப்ரலில், வங்கி அவருக்கு ரூ. 12.85 இலட்சம் தர வேண்டும் என்று ஆணை பிறந்தது. தண்டமாக அல்ல, இழந்தவர் கைக்கே தர வேண்டும் என்பது ஆணை.

அதன் பிறகு நடந்ததும் பாடமே. வங்கி மேல்முறையீடு செய்தது. அதை விசாரிக்க வேண்டிய தீர்ப்பாயத்தின் தலைவர் பதவி 2011இல் காலியாகி, ஆண்டுக் கணக்கில் நிரப்பப்படவில்லை. 2017இல் அப்பணி தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்துடன் இணைக்கப்பட்டது. 2019இல்தான் வாடிக்கையாளருக்குச் சாதகமாக மேல்முறையீடு முடிந்தது. வழி இருந்தது, ஆனால் அதைத் திறந்து வைக்க ஆளில்லை. புதிய சட்டத்தின் மேல்முறையீடும் அதே தீர்ப்பாயத்திற்குத்தான் போகிறது.

அவ்வழக்கு, கணிப்பொறிக்குள் அத்துமீறி நுழைவது பற்றிய 43ஆவது பிரிவை ஒட்டியது, அப்பிரிவு நீடிக்கிறது. பின்னர் 2009 அக்டோபரில், விவரங்களை அலட்சியமாகக் கையாளும் கம்பெனியே நட்டஈடு தர வேண்டும் என்று கூறும் 43ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. நிதி விவரம், உடல்நலக் குறிப்பு, கைரேகை ஆகியன அதில் அடங்கும். கசிவினால் பாதிக்கப்பட்டவருக்கு நேராகப் பொருந்திய பிரிவு இதுவே. புதிய சட்டத்தின் 44ஆவது பிரிவு இந்த 43ஏ பிரிவை நீக்குகிறது! ஸ்ரீகிருஷ்ணா குழுவின் வரைவிலும் 2019 மசோதாவிலும் நட்டஈடு கோரும் உரிமை இருந்தது. ஒரே நிறுவனத்தால் பாதிக்கப்பட்ட பலருக்காகச் சேர்த்து ஒரே மனு கொடுக்கவும் 2019 மசோதா வழி வைத்திருந்தது. இவை மறதியால் விடுபட்டவை அல்ல; இருந்து எடுக்கப்பட்டவை.

உரிமையியல் நீதிமன்றத்திற்காவது போகலாமா? வாரியத்தின் அதிகாரத்திற்கு உட்பட்ட எதையும் அந்நீதிமன்றம் ஏற்கக் கூடாது என்கிறது 39ஆவது பிரிவு. நட்டஈடு வாரியத்தின் அதிகாரத்தில் இல்லாததால் அதற்காக வழக்குத் தொடுக்கலாம் என்று வாதிட இடமுண்டு. ஆனால் வாதிட இடமிருப்பது வேறு; உரிமை என்று எழுதியிருப்பது வேறு. மாடு மேய்ந்த பயிருக்கு 1871இல் எழுதி வைத்த ஒரு வரியை 2023இல் எழுதவில்லை.

பல்கேரியாவில் நடந்தது

2019இல் பல்கேரிய நாட்டின் வருமான வரி அமைப்பின் கணிப்பொறிக்குள் யாரோ புகுந்து, அறுபது இலட்சத்திற்கும் மேற்பட்டோரின் விவரங்களை வெளியிட்டனர். அவர்களுள் ஒரு பெண், தம் விவரம் தவறாகப் பயன்படுமோ என்ற அச்சத்திற்காக, ஏறத்தாழ 510 யூரோ கேட்டு வழக்குத் தொடுத்தார். ஐரோப்பிய நீதிமன்றம் 2023 டிசம்பர் 14ஆம் நாள் இரண்டு முக்கியக் கருத்துகளைக் கூறியது. பாதுகாப்பு ஏற்பாடு தகுந்ததாக இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு விவரத்தை வைத்திருந்தவருடையது. இரண்டாவதாக, தவறாகப் பயன்படும் என்ற நியாயமான அச்சமும் இழப்பாகலாம்.

இதில் அறிவியல் நியாயம் இருக்கிறது. குறிப்பேடு நிறுவனத்தின் கணிப்பொறியில் இருக்கிறது. வெளியாள் அதைப் பார்க்க முடியாது. எவரிடம் சான்று இருக்கிறதோ அவரே நிரூபிக்கட்டும் என்பதுதானே முறை? ஐரோப்பியச் சட்டத்தில் அரசுக்குப் போகும் தண்டமும் உண்டு, தனிநபருக்கு நட்டஈடும் உண்டு; தொண்டு நிறுவனங்கள் பாதிக்கப்பட்டவர் சார்பில் முறையிடவும் வழியுண்டு.

இலவசச் சட்ட உதவி

இதுவரை குறைகளையே கூறினோம். கையிலுள்ள ஒரு கருவியைப் பலர் அறியாததால் அதையும் கூற வேண்டும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், இலவச வழக்கறிஞர் பெறத் தகுதியுள்ளோரை 12ஆவது பிரிவில் வரிசைப்படுத்துகிறது. அதில் பெண்கள் அனைவரும் வருமானக் கணக்குப் பாராமலே இடம் பெறுகின்றனர். தொழிற்சாலைத் தொழிலாளருக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும் அவ்வாறே. ‘நீதிமன்றம்’ என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கம், நீதி வழங்கும் தன்மையுள்ள தீர்ப்பாயங்களையும் அமைப்புகளையும் உள்ளடக்கும். எனவே தகவல் பாதுகாப்பு வாரியத்தின் முன் செல்லும் பீடித் தொழிலாளிக்கும் அரசுச் செலவில் வழக்கறிஞர் கேட்க முடியும் என்றே கொள்ள வேண்டும். திருநெல்வேலி மாவட்ட ஆணைக்குழுவையோ வட்டக் குழுவையோ அணுகலாம்; 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம்.

வேறு கதவுகளும் உண்டு. நம்பிக்கையின் பேரில் நுகர்வோர் தந்த சொந்த விவரத்தைச் சட்டப்படியன்றிப் பிறருக்கு வெளியிடுவது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகமாகும். காசு கொடுத்துப் பெற்ற சேவையாயின், இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நட்டஈடு கேட்கலாம். கொடுத்த விலை ரூ. 5 இலட்சத்திற்கு உட்பட்டதாயின் கட்டணமும் இல்லை. புதிய சட்டம் பிற சட்டங்களுக்குக் கூடுதலானதே என்று அதன் 38ஆவது பிரிவு கூறுவதால் இக்கதவு மூடப்படவில்லை. பணமே பறிபோயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். எதைச் செய்தாலும், வந்த செய்தி, அழைத்த எண், நாள், நேரம் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் குறிப்பேட்டுக்கு எதிரே நம்மிடமும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும்.

வேண்டிய திருத்தங்கள்

தண்டம் கடுமையாக இருப்பதில் நமக்கு மறுப்பில்லை. நிறுவனங்களை விழிப்போடு வைக்க அது வேண்டும். ஆயினும் ஐந்து திருத்தங்கள் இன்றியமையாதவை. நட்டஈடு பெறும் உரிமையை எழுத்தில் தர வேண்டும். பலர் சேர்ந்து ஒரே மனு கொடுக்க வழி வேண்டும். புகார் வந்த நாளிலிருந்து கணிப்பொறிக் குறிப்பேட்டை அழியாமல் காக்க வேண்டும். தாய்மொழியில் புகார் கொடுக்கும் உரிமை வேண்டும். புகார் கொடுப்பவரை அச்சுறுத்தும் தண்டம், வேண்டுமென்றே பொய் கூறியவருக்கு மட்டும் என வரையறுக்கப்பட வேண்டும்.

இவற்றுள் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. பெரும் செலவும் இல்லை. சட்டம் ‘அவள்’ என்று யாரைக் குறித்ததோ அவரை, தகவல் தருபவராக மட்டுமின்றி, இழப்பைத் திரும்பப் பெறும் உரிமை உடையவராகவும் கருதினால் போதும்.